நேராக்குவதா, உட்கார வைப்பதா? ஸ்பைனா பிஃபிடா குழந்தைகளின் முதுகு ஆபரேஷன் பற்றிச் சில குறிப்புகள்

சில மாதங்களாகப் படித்துச் சேர்த்து வைத்திருந்த குறிப்புகளை ஒழுங்குபடுத்தி இங்கே போடுகிறேன். நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவன். திருவொற்றியூரில் இருக்கும் உறவுக்காரக் குடும்பம் ஒன்றில் பத்து வயதுப் பெண் குழந்தைக்குப் பிறவியிலேயே ஸ்பைனா பிஃபிடா. முதுகு ஒரு பக்கமாக வளைந்துகொண்டே போகிறது, ஆபரேஷன் பற்றி யோசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவளுடைய அப்பா என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "ஆபரேஷன் பண்ணா முதுகு நேராயிடுமாண்ணா?"

படிக்கப் படிக்க எனக்குத் தோன்றியது, அந்தக் கேள்வியையே மாற்ற வேண்டும் என்பது. இந்த ஆபரேஷனின் நோக்கம் முதுகை நேராக்குவது அல்ல. குழந்தையைச் சரியாக உட்கார வைப்பது. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். இல்லை. ஏன் இல்லை என்பதற்குத்தான் இவ்வளவு நீளக் கட்டுரை.

முதலில் அடிப்படை. கரு உருவான முதல் 28 நாட்களுக்குள், மூளையாகவும் தண்டுவடமாகவும் ஆகப்போகிற ஒரு தட்டையான திசு சுருண்டு குழாயாக மூடிக்கொள்ள வேண்டும். பல பெண்களுக்குக் கர்ப்பம் என்றே தெரியாத காலம் அது. குழாயின் கீழ்ப்பகுதி எங்காவது மூடாமல் நின்றுவிட்டால் அந்த இடத்தில் தண்டுவடமும் திறந்து நிற்கிறது, அதை மூட வேண்டிய முள்ளெலும்பின் பின்பக்க வளைவும் உருவாவதில்லை. முதுகில் ஒரு பையோடு குழந்தை பிறக்கிறது. இதில் கடுமையான வகைக்கு மைலோமெனிங்கோசீல் என்று பெயர். இந்தக் கட்டுரை முழுவதும் அதைப் பற்றித்தான். (முதுகு வலிக்கு எக்ஸ்ரே எடுத்தபோது 'ஸ்பைனா பிஃபிடா அக்கல்டா' என்று ரிப்போர்ட்டில் வந்ததாகச் சொல்பவர்கள் கவலைப்பட வேண்டாம். அது தோலுக்கு அடியில் எலும்பில் மட்டும் இருக்கும் சின்ன இடைவெளி, பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தராது.)

பிறந்த ஓரிரு நாட்களில் முதுகை மூடும் ஆபரேஷன் நடக்கும். பல குழந்தைகளுக்குத் தலையில் நீர் சேரும், அதை வயிற்றுக்குள் வடிக்க ஷண்ட் என்ற மெல்லிய குழாய் வைப்பார்கள். வடசென்னைக்காரர்களுக்கு இந்தப் பயணத்தின் நிறுத்தங்கள் பழகியவை: ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரி, ஸ்டான்லி, எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி. ஸ்டான்லிக்கு இன்னும் பெரியவர்கள் வாயில் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் பெயர். 1782 பஞ்சத்தில் மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றிய இடம் அது.

பிறந்தவுடன் மூடியாயிற்று, ஷண்ட் வைத்தாயிற்று, பிறகு ஏன் எட்டு, பத்து வயதில் முதுகு வளைகிறது?

நம் முதுகின் நடுக்கோட்டில் விரலை ஓட்டினால் வரிசையாக எலும்பு முனைகள் தட்டுப்படும். அதற்கு இரண்டு பக்கமும் கயிறு மாதிரி நீளமான தசைகள். ஹார்பரில் நிற்கும் கிரேனை நினைத்துக்கொள்ளுங்கள். கிரேனின் கை முன்னால் சாய்ந்து விழாமல் பின்பக்கத்திலிருந்து கம்பிக் கயிறு இழுத்துப் பிடிக்கிறது. நம் முதுகுத் தசைகளின் வேலையும் அதுதான். ஸ்பைனா பிஃபிடாவில் பின்பக்க எலும்பு வளைவு இல்லாததால் அந்தத் தசைகள் நங்கூரம் இல்லாமல் பக்கவாட்டில் விலகி, மோசமான நிலையில் முதுகெலும்பின் முன்பக்கமாகவே நகர்ந்துவிடுகின்றன. பின்னால் இழுக்க வேண்டிய கயிறு முன்னால் வந்துவிட்டால் என்ன ஆகும்? நிமிர்த்த வேண்டிய தசையே குனிய வைக்கிறது. குழந்தை நிமிர முயன்று தசையை இறுக்கும்போதெல்லாம் கூன் கூடுகிறது. முதல்முறை இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இது கூன் விழும் வகை. இன்னொன்று பக்கவாட்டு வளைவு, ஸ்கோலியோசிஸ். தண்டுவடம் எந்த மட்டத்தில் பாதிக்கப்பட்டிருக்கிறதோ அதற்குக் கீழே தசைகள் செயலிழக்கின்றன. உடம்பைத் தாங்கும் தசைகள் இரண்டு பக்கமும் ஒரே அளவு வேலை செய்யாதபோது, எடை ஏற ஏற முதுகுத்தண்டு ஒரு பக்கம் சரிகிறது. ஒருமுறை சரிய ஆரம்பித்தால் புவியீர்ப்பே மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பாதிப்பு மார்பு மட்டத்தில் இருந்தால் பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்த வளைவு வருகிறது. இடுப்புக்குக் கீழே, நன்றாக நடக்கும் குழந்தைகளுக்கு வருவது குறைவு. சிலருக்கு முள்ளெலும்புகளே பாதியாகவோ ஒன்றோடொன்று ஒட்டியோ உருவாகியிருக்கும். அது பிறவி வளைவு, அதன் கணக்கு தனி.

மூன்றாவது ஒரு காரணம் இருக்கிறது. பெற்றோர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். சில நேரம் வளைவு என்பது வேறு எங்கோ நடக்கும் கோளாறின் அறிகுறி. எங்கள் தொழிலில் சொல்வதானால், வளைவு வெறும் எரர் மெசேஜ், பக் வேறு இடத்தில். ஷண்ட் அடைத்திருக்கலாம். தண்டுவடத்துக்குள் நீர்ப்பை உருவாகியிருக்கலாம். பிறந்தபோது மூடிய இடத்தில் தழும்போடு தண்டுவடம் ஒட்டிக்கொண்டு, குழந்தை வளர வளர இழுபடலாம். வளைவு திடீரென்று வேகமாகக் கூடினால், கூடவே காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர் கசிவு முன்பைவிட மாறினாலோ, தலைவலி வாந்தி இருந்தாலோ, முதலில் பார்க்க வேண்டியவர் நரம்பியல் அறுவை மருத்துவர். எம்.ஆர்.ஐ. எடுத்து ஷண்ட்டையும் தண்டுவடத்தையும் சரிபார்த்த பிறகுதான் ராடு பற்றிய பேச்சே. அதைப் பார்க்காமல் முதுகை இழுத்து நிமிர்த்தினால், ஒட்டியிருக்கும் தண்டுவடமும் சேர்ந்து இழுபடும்.

இனி அந்த டிகிரி விஷயம். எக்ஸ்ரேயில் வளைவை அளக்கும் முறை நியூயார்க்கைச் சேர்ந்த ஜான் காப் 1948ல் விவரித்தது. வளைவின் மேல்முனை, கீழ்முனை இரண்டிலும் அதிகமாகச் சாய்ந்த எலும்புகளில் கோடு போட்டு, இடையில் உள்ள கோணத்தை எடுப்பது. 40 டிகிரியைத் தாண்டிய வளைவு இந்தக் குழந்தைகளிடம் பொதுவாகத் தொடர்ந்து கூடும். 50ஐத் தாண்டினால் ஆபரேஷன் பேச்சு வரும். வீட்டில் எல்லோரும் அந்த எண்ணையே பிடித்துக்கொள்கிறார்கள், பரீட்சை மார்க் மாதிரி. "போன வருஷம் 52, இப்ப 64." எண் முக்கியம்தான், ஆனால் அது சொல்லாத ஒன்று இருக்கிறது: இடுப்பெலும்பின் சாய்வு.

ஆபரேஷன் தேவையா இல்லையா என்பதன் மையமே அந்தச் சாய்வுதான். நாம் உட்காரும்போது உடம்பின் எடை பிட்டத்துக்குள் இருக்கும் இரண்டு எலும்பு முனைகளில் இறங்குகிறது. சமமான தரையில் வைத்த இரண்டு கால் மாதிரி. முதுகு வளைவு கீழே இடுப்பெலும்பு வரை போய்விட்டால், அதுவும் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். எடை முழுவதும் ஒரே முனையில் இறங்கும். நமக்கென்றால் ஐந்து நிமிடத்தில் வலித்து நகர்ந்து உட்காருவோம். இந்தக் குழந்தைகளுக்கு அங்கே உணர்ச்சி கிடையாது. வலிக்காது. மணிக்கணக்கில் ஒரே இடத்தில் எடை நிற்கும்போது ரத்த ஓட்டம் நின்று தோல் சாகிறது, புண் ஆகிறது, எலும்பு வரை போகிறது. ஒரு புண் ஆற மாதங்கள் ஆகும், அதுவரை குப்புறப் படுத்தே கிடக்க வேண்டும், பள்ளிக்கூடம் போச்சு.

இரண்டாவது இழப்பு கைகள். இடுப்பு சாய்ந்த குழந்தை விழாமல் இருக்க ஒரு கையைத் தரையிலோ நாற்காலிக் கையிலோ ஊன்றிக்கொள்கிறது. எழுதும்போது, சாப்பிடும்போது எல்லாம் ஒரு கை முட்டுக்கொடுக்கப் போய்விட்டது. காலைத்தான் ஏற்கெனவே இழந்தாயிற்று, இப்போது ஒரு கையும். மருத்துவக் கட்டுரைகளில் 'கைகளைச் சார்ந்து உட்காருபவர்' என்று ஒரு வகைப்பாடே உண்டு. கையை விட்டு நிமிர்ந்து உட்கார முடிவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நம் பக்கத்து உதாரணம் வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் மேரி வர்கீஸ். 1954ல் நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைக்கும் ஆபரேஷன்கள் செய்தார். 1960களில் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையைக் கட்டி எழுப்பினார். உட்கார முடிந்ததால் இரண்டு கையும் வேலைக்குக் கிடைத்தது. அவருக்கு வந்தது விபத்து, நோய் வேறு. ஆனால் கணக்கு அதேதான்.

மூன்றாவது மூச்சு. கூன் அதிகமாகி உடம்பு மடிந்தால் வயிறு நெஞ்சுக்குள் ஏறி அழுத்துகிறது, நுரையீரலுக்கு இடம் இல்லை.

பிரேஸ் போட்டால் போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள். பிளாஸ்டிக் பிரேஸ் இந்த வகை வளைவை நிறுத்தாது. ஆனால் நிமிர்ந்து உட்கார உதவும், ஆபரேஷனைச் சில வருடம் தள்ளிப்போடக் கைகொடுக்கும். உணர்ச்சியில்லாத தோலில் உரசிப் புண்ணாக்காமல் இருக்கிறதா என்று தினமும் கழற்றிப் பார்க்க வேண்டும். சென்னை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டிருப்பது எப்படி என்பது வேறு கதை. சக்கர நாற்காலி இருக்கையைக் குழந்தையின் உடம்புக்கு ஏற்றபடி அமைப்பதும் சிகிச்சைதான். இதற்கெல்லாம் கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிறுவனம் இருக்கிறது. எண்ணூரிலிருந்து நகரத்தின் மறுகோடி.

சரி, ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள்?

முதுகை உலோகக் கம்பியால் நிமிர்த்தும் முறைக்கு வழி போட்டவர் அமெரிக்காவில் ஹூஸ்டனைச் சேர்ந்த பால் ஹாரிங்டன். போலியோவால் முதுகு வளைந்த குழந்தைகளுக்காக அவர் உருவாக்கிய ராடு பற்றிய கட்டுரை 1962ல் வந்தது. கம்பியின் இரு முனையிலும் கொக்கி. கொக்கியை முள்ளெலும்பின் பின்பக்க வளைவில் மாட்டி, ஜாக்கி மாதிரி விரிப்பது. அடுத்து மெக்சிகோவின் எடுவர்டோ லூக்கே ஒவ்வொரு முள்ளெலும்பின் பின்வளைவுக்கு அடியிலும் கம்பியை நுழைத்து ராடோடு கட்டும் முறையைக் கொண்டுவந்தார். இரண்டுமே நல்ல முறைகள். ஆனால் பார்த்தீர்களா, இரண்டுக்குமே பின்வளைவு வேண்டும். ஸ்பைனா பிஃபிடா குழந்தையிடம் இல்லாததே அதுதானே. மாட்ட வேண்டிய இடத்தில் ஆணியே இல்லை.

அதனால் இந்தக் குழந்தைகளுக்குச் சுற்றுவழிகள் தேவைப்பட்டன. ஆஸ்திரேலியாவின் ஆலன் டுவையர் 1969ல் வெளியிட்ட முறையில் நெஞ்சு, வயிறு பக்கமாகத் திறந்து, முள்ளெலும்பின் முன்பக்க உடலில் திருகாணி போட்டு, கேபிளால் இழுத்தார்கள். முன்பக்கம் எல்லோருக்கும் முழுதாக இருக்கிறது அல்லவா. டெக்சாஸின் கால்வெஸ்டனில் ராடின் கீழ்முனையை வளைத்து இடுப்பெலும்புக்குள்ளேயே செருகும் உத்தி வந்தது. இப்போது பரவலாக இருப்பது முள்ளெலும்பின் தண்டுக்குள் போகும் பெடிக்கிள் ஸ்க்ரூ. பின்வளைவு இல்லாத எலும்பிலும் தண்டு இருக்கும், ஆனால் விரிந்து திரும்பி இருக்கும். வழக்கமான கோணத்தில் ஸ்க்ரூ போகாது. மேலே நல்ல எலும்பிலிருந்து கீழே இடுப்பு வரை இரண்டு ராடு, இடையில் எலும்புத் துகள் வைத்து எல்லா முள்ளெலும்பையும் ஒரே எலும்பாக ஒட்ட வைப்பது, அதுதான் ஃப்யூஷன். உலோகம் தற்காலிகச் சாரம் மட்டுமே. எலும்பு ஒட்டவில்லை என்றால் எவ்வளவு கெட்டியான ராடும் ஒரு நாள் உடையும். சாரத்தை நம்பி யாரும் வீடு கட்டுவதில்லை.

கூனுக்கான ஆபரேஷன் இன்னும் கடுமை. கூனின் உச்சியில் தோல் மெல்லிசாக, தழும்பாக இருக்கும். நாற்காலி முதுகில் உரசி உரசிப் புண்ணாகும். உள்ளே எலும்பு தெரியும் அளவுக்கும் போகும். இதற்கு உச்சியில் இருக்கும் ஒன்றோ சிலவோ முள்ளெலும்புகளை அப்படியே வெட்டி எடுத்து, மேல்துண்டையும் கீழ்த்துண்டையும் சேர்த்து ராடு போடுகிறார்கள். கைஃபெக்டமி என்று பெயர். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஷரார்ட் 1968ல் இதைப் பற்றி எழுதினார். முதுகெலும்பை வெட்டி எடுப்பதா என்று பதறத் தோன்றும். ஆனால் அந்த மட்டத்தில் தண்டுவடம் பெரும்பாலும் ஏற்கெனவே வேலை செய்யாதது. அதிலும் ஒரு கண்ணி உண்டு. வேலை செய்யாத தண்டுவடம்தானே என்று அதை யோசிக்காமல் வெட்டிக் கட்டிவிட்டால், மூளை நீர் வடியும் ஒரு வழியும் அடைபடும். ஷண்ட் சரியாக வேலை செய்யாத குழந்தைக்கு மண்டைக்குள் அழுத்தம் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் கூன் ஆபரேஷனுக்கு முன்னாலும் ஷண்ட் பரிசோதனை.

வயதுக் கணக்கும் உண்டு. ஒட்டவைத்த முதுகு வளராது. ஐந்து வயதில் நீளமாக ஒட்டிவிட்டால் நெஞ்சுக்கூடு குட்டையாகவே நின்றுவிடும், நுரையீரலும் வளர இடமில்லை. அதனால் முடிந்தால் பத்து, பன்னிரண்டு வயது வரை தள்ளுவார்கள். அதுவரை தாங்காது என்றால் வளரும் ராடு வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை நீட்டுவார்கள். வெளியிலிருந்து காந்தத்தால் நீட்டும் ராடும் வந்துவிட்டது, ஹாங்காங் மருத்துவர்கள் 2012ல் அதைப் பற்றி வெளியிட்டார்கள். ஒவ்வொரு முறையும் தோலைத் திறக்க வேண்டாம் என்பது இந்தக் குழந்தைகளுக்குச் சின்ன லாபம் இல்லை.

ஆபத்துகளை மறைத்து எழுதுவதில் பயனில்லை. வேறு நோய் இல்லாத இளவயதினருக்குச் செய்யும் ஸ்கோலியோசிஸ் ஆபரேஷனில் தொற்று வருவது நூற்றில் ஓரிருவருக்கு. ஸ்பைனா பிஃபிடா குழந்தைகளிடம் அது பல மடங்கு. காரணங்கள் வெளிப்படை. பிறந்தபோது வெட்டித் தைத்த தழும்புத் தோல், அதற்கு அடியில் தசை இல்லை. உலோகத்தின் மேல் மூடுவதற்கே தோல் போதாமல் போகலாம். சிறுநீர்ப்பையில் எப்போதும் கிருமி. அதனால் ஆபரேஷனுக்கு முன் சிறுநீர் பரிசோதனை செய்து கிருமியை அடக்க வேண்டும். தோல் போதுமா என்று பிளாஸ்டிக் சர்ஜன் முன்கூட்டியே பார்த்தால் நல்லது. நிற்காத, நடக்காத எலும்பு பலவீனமாக இருக்கும், ஸ்க்ரூ பிடிப்பு தளரலாம், ஒட்டாமல் போகலாம். ரத்த இழப்பும் அதிகம். இரண்டாவது ஆபரேஷன் வேண்டியிருக்கும் என்ற சாத்தியத்தை முதல் நாளே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் ரப்பர். சின்ன வயதிலிருந்து பல ஆபரேஷன், தினமும் கதீட்டர் என்று இயற்கை ரப்பரோடு பழகிப் பழகி, இந்தக் குழந்தைகளில் நிறைய பேருக்கு லேட்டக்ஸ் ஒவ்வாமை வருகிறது. ஆபரேஷன் நடுவில் கையுறையிலிருந்தே உயிருக்கு ஆபத்தான எதிர்வினை வரலாம். லேட்டக்ஸ் இல்லாத பொருட்கள் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டிலும் அப்படித்தான். திருவொற்றியூர் தேரடியில் வாங்கிய பலூனை ஊதி உதடு வீங்கியிருந்தால், வாழைப்பழம் சாப்பிட்டு வாய் அரித்திருந்தால், அதை டாக்டரிடம் சொல்லுங்கள். சாதாரண விஷயம் என்று விட்டுவிடக் கூடாது.

இவ்வளவு ஆபத்துக்கும் பலன் எவ்வளவு? டொராண்டோவின் எலும்பு மருத்துவர் ஜேம்ஸ் ரைட் 2011ல் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி ஒரு கட்டுரை எழுதினார். ஸ்பைனா பிஃபிடாவில் இடுப்பு மூட்டு, முதுகு ஆபரேஷன்களின் மதிப்பு கேள்விக்குரியது என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டார். எக்ஸ்ரேயில் கோணம் குறைகிறது. குழந்தையின் அன்றாட வாழ்க்கை அதே அளவு மேம்பட்டது என்று காட்டும் வலுவான ஆய்வு இல்லை என்பது சாரம். இதைப் படித்துவிட்டு ஆபரேஷனே வேண்டாம் என்று முடிவெடுப்பதும் தப்பு. பொதுவாக எல்லோருக்கும் நல்லது என்று நிரூபிக்க முடியாதது, சரியாகத் தேர்ந்தெடுத்த குழந்தைக்கு நல்லதாக இருக்கலாம். புண் மேல் புண் வரும் குழந்தை, ஒரு கையை ஊன்றாமல் உட்கார முடியாத குழந்தை, கூன் உச்சியில் தோல் கிழிந்த குழந்தை — இவர்களுக்கு வாதம் வலுவானது. வளைவு 60 ஆனாலும் இடுப்பு சமமாக, இரண்டு கையும் விட்டு உட்காருகிற குழந்தைக்கு, என் பார்வையில், அவ்வளவு வலுவில்லை.

யாரும் அதிகம் பேசாத ஒரு பக்கம் இருக்கிறது. வளைவு, வளையும் தன்மை இரண்டையும் குழந்தை ஏதோ ஒரு வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டிருக்கும். மருத்துவக் கட்டுரைகள் பெரும்பாலும் நாற்காலி, மேசை, கட்டில் இருக்கிற வீடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நம்ம பக்கத்தில் ஹவுசிங் போர்டு வீடு, ஒரே அறை, சாப்பாடு, படிப்பு, தூக்கம் எல்லாம் தரையில். வீட்டுக்குள் சக்கர நாற்காலி திரும்பாது. குழந்தை தரையில் உட்கார்ந்தபடியே கையை ஊன்றி நகர்கிறது, குனிந்து தட்டை எடுக்கிறது, வாசல்படி தாண்டுகிறது. இடுப்பு வரை ராடு போட்டு ஒட்டிய பிறகு முதுகு குனியாது. தரையில் கிடக்கும் பென்சிலை எடுப்பது, காலில் செருப்பு மாட்டுவது, படுக்கையில் தானே புரள்வது எல்லாம் மாறும். சில மாதம் கழித்து வேறு வழி கண்டுபிடிப்பார்கள், சிலதுக்குக் கடைசிவரை ஆள் வேண்டும்.

அதைவிட முக்கியம் சிறுநீர். ஜாக் லாபிடஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1972ல் எழுதிய பிறகுதான், சுத்தமான கதீட்டரைத் தானே நுழைத்துச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீரை வெளியேற்றும் முறை உலகெங்கும் பரவியது. இந்தக் குழந்தைகளின் சிறுநீரகத்தைக் காப்பாற்றுவது அதுதான். பத்து வயதுப் பெண் குழந்தை கண்ணாடி வைத்து முன்னால் குனிந்து தானே செய்யப் பழகியிருப்பாள். முதுகு குனியாமல் போனால் கை எட்டுமா? எட்டவில்லை என்றால் பள்ளியில் யார் செய்வார்கள்? அம்மா தினமும் மத்தியானம் பள்ளிக்குப் போக வேண்டும், அம்மாவின் வேலை போகும். எக்ஸ்ரே எண்ணில் இதெல்லாம் வராது. மறுபக்கமும் உண்டு: கையை ஊன்றாமல் உட்கார முடியாததால் கதீட்டர் போடவே முடியாமல் இருந்த குழந்தைக்கு, ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு கையும் கிடைத்துத் தானே செய்யவும் முடியலாம். குழந்தைக்குக் குழந்தை வேறுபடும்.

கொஞ்சமாவது நடக்கிற குழந்தையிடம் இன்னும் கவனம் வேண்டும். காலிபர் போட்டு நடப்பவர்கள் இடுப்பையும் முதுகையும் ஆட்டித்தான் காலை முன்னால் வீசுகிறார்கள். இடுப்பெலும்பு வரை ஒட்டிவிட்டால் அந்த ஆட்டம் நின்று, நடையும் நின்றுபோகலாம். கீழே எதுவரை ராடு போடப் போகிறார்கள் என்பதை அதனால்தான் கேட்க வேண்டும்.

என் உறவினருக்கு நான் சொன்ன யோசனை, டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முன் ஒரு வாரம் மொபைலில் வீடியோ எடுக்கச் சொன்னதுதான். சாப்பிடும்போது, டிரஸ் மாற்றும்போது, தரையிலிருந்து நாற்காலிக்கு ஏறும்போது, எழுதும்போது. கதீட்டர் போடும் விதத்தை மட்டும் வாயால் சொன்னால் போதும். எக்ஸ்ரே எடுத்த அந்த ஒரு நிமிடத்தில் தெரியாதது வீடியோவில் தெரியும். "இதில் எதெல்லாம் ஆபரேஷனுக்கு அப்புறம் இவளால் முடியாது, எதெல்லாம் புதிதாக முடியும்?" என்று அதைக் காட்டிக் கேட்பதுதான் சரியான கேள்வி என்று நினைக்கிறேன். குழந்தையிடமும் கேளுங்கள். பத்து வயதில் அவளுக்கே தெரியும், எது வேண்டும் என்று.

பணம், போக்குவரத்து பற்றிக் கொஞ்சம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வரம்பு. ராடு, ஸ்க்ரூ செலவு தொகுப்புக்குள் வருகிறதா, இரண்டாவது ஆபரேஷன் தேவைப்பட்டால் என்ன என்பதை அட்மிஷனுக்கு முன்பே ஆஸ்பத்திரியில் இருக்கும் காப்பீட்டு அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிறவிக் குறைபாடுகளைக் கண்டுபிடித்து மேல்சிகிச்சைக்கு அனுப்ப 2013ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின் பட்டியலில் ஸ்பைனா பிஃபிடா போன்ற நரம்புக்குழாய் குறைபாடும் இருக்கிறது. பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் மருத்துவக் குழுவிடம் பதிவு செய்யலாம். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்ததில் ஒரு பெரிய நிம்மதி. ஸ்டேஷனில் லிஃப்ட் இருக்கிறது, சக்கர நாற்காலியோடு ஏறி, ஜி.எச்.க்கு எதிரே சென்ட்ரலில் நேராக இறங்கலாம். ஸ்டேஷனுக்கு வந்து சேர்வதுதான் பாடு. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் நடைபாதையே இல்லாத இடத்தில் சக்கர நாற்காலியைத் தள்ளிப் பாருங்கள், தெரியும்.

அடுத்த குழந்தை பற்றி யோசிக்கும் பெற்றோருக்கு ஒரு விஷயம். ஒரு குழந்தைக்கு இந்தக் குறைபாடு இருந்தால் அடுத்ததற்கும் வரும் வாய்ப்பு நூற்றில் இரண்டு, மூன்று. 1991ல் வந்த பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வில், அப்படிப்பட்ட தாய்மார்கள் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே தினமும் 4 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட் எடுத்தபோது மீண்டும் வருவது 72 சதவீதம் குறைந்தது. இது மற்ற பெண்களுக்குச் சொல்லப்படும் 400 மைக்ரோகிராமைவிடப் பத்து மடங்கு, அதனால் டாக்டர் சீட்டோடுதான். ரேஷனில் வரும் செறிவூட்டப்பட்ட அரிசி இதற்குப் போதுமா என்று கேட்டார்கள். ஒரு கிலோவில் 75 முதல் 125 மைக்ரோகிராம்தான். தினமும் 300 கிராம் அரிசி சாப்பிட்டாலும் 40ஐத் தொடாது. மாத்திரைக்கு மாற்று ஆகாது.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் பலர் அசட்டையாகிவிடுகிறார்கள். இடுப்பின் நிலை மாறியதால் எடை இறங்கும் இடமும் மாறியிருக்கும். பழைய நாற்காலி, பழைய மெத்தை இனி பொருந்தாது. இருக்கையை மறுபடி அளந்து அமைக்க வேண்டும். இதுவரை புண்ணே வராத பக்கத்தில் புதிதாகச் சிவக்கலாம், அதனால் தினமும் காலை, இரவு கண்ணாடி வைத்துத் தோலைப் பார்க்க வேண்டும். முன்பு குனிந்தோ சாய்ந்தோ அழுத்தத்தைத் தானாக மாற்றிக்கொண்ட குழந்தைக்கு இப்போது அது முடியாது. கைகளால் நாற்காலிக் கைப்பிடியை அழுத்தி உடம்பைத் தூக்கி, 15-20 நிமிடத்துக்கு ஒருமுறை எடையை இறக்கப் பழக்க வேண்டும். அதற்குத் தோளில் பலம் வேண்டும். அந்தப் பயிற்சியை ஆபரேஷனுக்கு இரண்டு, மூன்று மாதம் முன்பே ஆரம்பித்துவிடுவது நல்லது. ஆபரேஷன் ஆன பிறகு, வலியோடு, புதிதாகக் கற்றுக்கொள்வது கஷ்டம்.